பவளப்பாறைக்கு எடுத்த எக்ஸ்ரே

பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை அந்தப் பெண் எக்ஸ்ரே மேசை மேல் வைத்தபோது, உள்ளே கைக்குழந்தை இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பதமாக வைத்தார்.

"பேஷண்ட் யாருங்க?"

"இதுதாங்க."

துணியை விலக்கினார். வெள்ளையாக ஒரு கல் பலகை. நீளம் ஒன்றரை முழம் இருக்கலாம், கனம் ஒரு விரல்கூட இல்லை. மேலெல்லாம் ஊசி குத்தியது போலப் பொடித் துளைகள். கருவாட்டுக் கூடையைத் திறந்தது போல ஒரு வாடை எழுந்து, டெட்டால் நெடியோடு கலந்தது. வெளியே பெஞ்சில் கை ஒடிந்தவர்களும் நெஞ்சுச் சளிக்காரர்களும் காத்திருந்தார்கள்.

"கல்லுக்கெல்லாம் எடுக்கறதில்லைங்க மேடம்."

"இது கல்லு இல்லைங்க பாய். எலும்பு. கடல்ல இருந்த உயிரு கட்டுன எலும்பு."

எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்துப்போன வருடங்கள். அந்தப் பெண்ணின் பெயர் சகுந்தலா.

கிரானைட் ஊருக்கு வந்த கடல்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த தனியார் கிளினிக்கில் நான் எக்ஸ்ரே எடுப்பவன். என் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'எக்ஸ்ரே பாய்' என்றால் குழந்தையும் வழி காட்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற குடும்பத்தில் பிறந்து, ஈய ஏப்ரன் மாட்டிக்கொள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தவன் நான். மெஷினுக்குப் பயந்து ஓடியவர்களைப் பற்றியும், தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுத பெண்ணைப் பற்றியும் முன்பே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த ஒரு வாசகர், 'கல்லுக்கும் படம் எடுத்தீர்களாமே, உண்மையா?' என்று கேட்டிருந்தார். உண்மைதான்.

சகுந்தலாவுக்கு ஊர், பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி நாலைந்து மைல் உள்ளே. விவசாயக் குடும்பம். விலங்கியல் படித்து, ராமநாதபுரத்துக் கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். பவளப்பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி. அந்தப் பக்கத்து மீனவர்கள் அதை முருகைக்கல் என்பார்களாம்.

கடலில் கிடந்த பாறையைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு ஏன் வர வேண்டும்? பாறையை மெல்லிய பலகையாக அறுக்க வேண்டும். அறுக்கிற வைர ரம்பம் கடற்கரையில் இல்லை. எங்கள் பக்கத்தில்தான் தெருவுக்குத் தெரு கிரானைட் அறுக்கிற பட்டறைகள். அவர் அண்ணனுக்குத் தெரிந்த பட்டறையில் அறுத்துக்கொண்டு, படம் எடுக்க என்னிடம் வந்திருந்தார்.

டாக்டர் வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். "கூட்டம் கொறைஞ்சதும் எடுத்துக் குடுங்க பாய். ஒடம்புல இல்லாத எலும்ப நானும் ஒருவாட்டி பாக்கறேன்" என்றார்.

கதவுக்கு வெளியிலிருந்து வந்த குரல்

குழந்தையின் கைவிரலுக்கு வைக்கிற அளவுக்கும் குறைவாகத்தான் கரண்ட் வைத்தேன். பெரிய பிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். அந்தச் சின்ன அறைக்குள் பெண்களை விடுகிற வழக்கம் இல்லை. அதனால் சகுந்தலா கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், டெவலப்பரில் பிலிமை அலசியபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கேப்பை அளவுதாங்க இருக்கும் ஒவ்வொண்ணும். ஒரு வாயி, வாயச் சுத்திக் கை. அவ்வளவுதான் ஒடம்பு. கடல் தண்ணில இருக்கற சுண்ணாம்ப எடுத்து, தனக்கு அடியில ஒரு கிண்ணம் கட்டி, அதுல உக்காந்துக்கும். கிண்ணத்து மேல கிண்ணமாக் கட்டிக்கிட்டே மேல வரும். ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும். நாம பாறைன்னு சொல்றது அதுங்க கட்டிட்டு வந்த பழைய வூடுங்க."

"சோத்துக்கு?"

"அங்கதாங்க விசேஷம். அதோட சதைக்குள்ளயே பாசி குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசி. வெயில் வெளிச்சத்துல அது சோறாக்கும். ஆக்குனதுல பெரும்பங்கு பவளத்துக்குத்தான். நாம பாக்கற பச்சை, காப்பிக் கலரு எல்லாம் அந்தப் பாசியோட கலருதான்."

படம் தெளிந்து வந்தது. கழுவி எடுத்து, பின்னால் விளக்கெரியும் வியூ பாக்ஸில் மாட்டினேன். அத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு வெளுப்புப் பட்டை, ஒரு கறுப்புப் பட்டை, மறுபடி வெளுப்பு, மறுபடி கறுப்பு. உழுத நிலத்தை மேலிருந்து பார்ப்பது போல வளைந்து வளைந்து போயிற்று.

"ஒரு வெளுப்பும் ஒரு கறுப்பும் சேந்தா ஒரு வருசங்க. ஒரு பருவத்துல நெருக்கமாக் கட்டும், இன்னொண்ணுல தளர்வாக் கட்டும்." சகுந்தலா பிலிமின் மேல் ஓரத்திலிருந்து விரலால் எண்ணிக்கொண்டே கீழே வந்தார். "இந்த எடத்துல காலேஜ் சேந்தேன். இங்க நான் பொறந்தேன்."

சில பட்டைகளுக்கு நடுவே நூல் இழுத்தது போலப் பளிச்சென்று மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. அவை என்ன என்று கேட்டேன்.

"கஷ்டப்பட்ட காலங்க. கடல் ரொம்ப சூடாயிருக்கும். இல்லன்னா மழை வெள்ளம் சேறோட வந்து மூடியிருக்கும். அப்ப வளராம, இருந்த எடத்துலயே இறுக்கமாக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கும். பொழைச்சு எந்திரிச்சா மறுபடி பட்டை தொடரும்."

மறுபடி மேல் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே இறுதியாக ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு மேல் பட்டை இல்லை.

அந்தப் பாறை அவர் அடையாளம் கட்டி வைத்து, முங்கி முங்கிப் பார்த்து வந்த பாறையாம். போன கோடையில் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி, வாரக்கணக்கில் ஆறவே இல்லை. சூட்டில் பாசிக்கும் பவளத்துக்கும் ஒத்துவராமல் போகும். பவளம் பாசியைத் துப்பிவிடும். கலர் போய்ச் சதை கண்ணாடியாகிவிட, அடியிலிருக்கிற எலும்பு வெள்ளையாகத் தெரியும்.

"வெளுத்தா செத்துருச்சுன்னு அர்த்தம் இல்லைங்க பாய். பட்டினி கெடக்குது. தண்ணி சீக்கிரம் ஆறுனா பாசி திரும்ப வரும், கலரும் வரும். படகுல வந்தவங்க பாத்துட்டு, 'ஆகா, பால் மாதிரி என்னா அழகு'ன்னாங்க. எனக்குப் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்க வேண்டியதாப் போச்சு. அடுத்தவாட்டி போறப்ப மேலெல்லாம் பச்சையா வழுவழுன்னு அழுக்கு படிஞ்சிருந்துது. அது செத்த பொறவுதான் ஒடைச்சு எடுத்தேன்."

கழுத்து திரும்பாத மனிதர்

சில வாரங்கள் கழித்து மறுபடி பலகைகளோடு வந்தார். அன்று வியூ பாக்ஸில் பாலக்கோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரின் முதுகெலும்புப் படம் இருந்தது. சகுந்தலா அதன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"இது என்னங்க, இவ்வளவு வெள்ளையா?"

எங்களுக்கு அது புதிதல்ல. அந்த வருடங்களில் அப்படிப்பட்ட படங்கள் நிறைய வந்தன. எலும்பின் ஓரமெல்லாம் முள்ளு முள்ளாக வளர்ந்து, எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார்கள்கூடச் சுண்ணாம்பாக இறுகியிருக்கும். படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் போலத் தெரியும். ஆழ்துளைப் போர் தண்ணீரில் இருக்கிற புளோரைடு என்று டாக்டர் சொல்வார். வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பு தடிக்கும், இறுகும். வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சகுந்தலாவின் முகம் மாறியது.

"எங்கப்பா கழுத்தத் திருப்ப மாட்டாருங்க. பின்னாடி நின்னு கூப்புட்டா, ஒடம்போட திரும்பித்தான் பாப்பாரு."

அடுத்த நாளே பஸ்ஸில் கூட்டி வந்தார். கோவிந்தன் என்று பெயர். திடமான கட்டை, ஆனால் இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து, தரையைப் பார்த்தபடி நடந்தார். மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை மேசையைத் தொடவில்லை. பக்கவாட்டில் சாய்த்து, தலைக்கடியில் துணி வைத்து எடுத்தேன்.

"வலிக்குதுங்களாய்யா?"

"வலி பழகிப் போச்சுங்க பாய். பொட்டப் புள்ள ஏதோ சொல்லுது, வந்தேன்" என்றார்.

படம் வந்தது. மகள் என் பின்னால் நின்றிருந்தார். பாலக்கோட்டுக்காரரின் படம் போலவே சுண்ணாம்பு வெள்ளை. டாக்டர் வந்து, இறுகிய எலும்பு இளகாது, மருந்தில்லை, தண்ணீரை மாற்றினால் மேற்கொண்டு மோசமாவதைத் தடுக்கலாம், முதுகெலும்பு இன்னும் தடித்தால் உள்ளே போகும் நரம்பு நசுங்கிக் கால் விழுந்துவிடும் என்றார்.

செல்வியின் முழங்கால்

தாத்தாவோடு அவர் பேத்தியும் வந்திருந்தாள். சகுந்தலாவின் அண்ணன் மகள் செல்வி. அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். சிரித்தால் பல்லில் வெற்றிலைச் சாறு பட்டது போலப் பழுப்புக் கோடு. நின்றால் இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று இடிக்கும், பாதங்கள் விலகி நிற்கும்.

டாக்டர் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கும் எடுங்க" என்றார்.

அவள் பயப்படவில்லை. மெஷின் உறுமினபோது கலகலவென்று சிரித்தாள். படத்தில் கால் எலும்பு வளைந்திருந்தது. மூட்டுக்குப் பக்கத்தில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

"இது என்னங்க?" சகுந்தலாவின் குரல் இறங்கிவிட்டது.

"சில கொழந்தைங்களுக்கு வரும்ங்க. காய்ச்சலோ பட்டினியோ வந்து, எலும்பு வளராம நின்னு, பொறவு வளந்தா அந்த எடத்துல கோடு விழும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, பவளப் படத்தில் பட்டைகளை எண்ணிய அதே விரலால் அந்தக் கோடுகளைத் தொட்டார்.

செல்வி இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கால் ஓரளவு நேராயிற்று, முழுக்க ஆகவில்லை. பல்லின் கறை போகவில்லை. கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாளாம். அந்த வீட்டுக் குடிதண்ணீர் பிறகு மாறியது. எப்படி மாறியது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

"அந்த போருதான் உன்னப் படிக்க வச்சுது"

படங்களை வாங்கிப் போக சகுந்தலாவின் அண்ணன் மாதையன் வந்தார். உழைத்து இறுகின ஆள். கிளினிக் வாசலிலேயே அண்ணனும் தங்கையும் மோதிக்கொண்டார்கள்.

"போரு தண்ணியக் குடிக்காதீங்கன்னா வேற எங்க போறது? ஏரில தண்ணி இருக்குதா? நம்ம கெணத்துல தவளைகூட இல்ல. ஊருக்கே மொதல்ல போரு போட்டவன் நானு. நானும் அப்பாவும் வெயில்ல நின்னு போட்டோம். அந்த போருதான் உன்னப் படிக்க வச்சுது. அதுல வெளைஞ்ச தக்காளிதான் உன்னய காலேஜுக்கு அனுப்புச்சுது. இப்ப அது வெசம்ங்கறியா?"

"வெசம்னு நான் வையலண்ணா. படத்தப் பாரு. புள்ளையோட காலப் பாரு."

"பாத்துட்டேன்" என்றார் மாதையன். ஆனால் அவர் கண் படத்தின் மேல் இல்லை. தெருவில் போகிற மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழம் குறைந்த கிணற்றுத் தண்ணீரில் பெரும்பாலும் அந்தப் புளோரைடு உப்பு குறைவாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் அப்படி ஒரே ஒரு கிணறுதான் வற்றாமல் இருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே, அவர்களின் பெரியப்பா மகன் தீர்த்தகிரியின் கிணறு. தீர்த்தகிரிக்கும் மாதையனுக்கும் வரப்புத் தகராறு. கோர்ட் வரைக்கும் போய், வருடக்கணக்காகப் பேச்சு வார்த்தை கிடையாது.

சகுந்தலா இரண்டு தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தார். டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. திரும்பி வந்ததும் நேராகத் தீர்த்தகிரி வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை என்னிடம் பிறகு சொன்னார்.

"'சித்தப்பாவுக்குத் தண்ணி இல்லன்னு நான் சொல்வனாம்மா?'ன்னாருங்க. 'ஆனா மாதையன் வந்து கேக்கட்டும். வழக்குப் போட்டது அவன். அவன் வாயால ஒரு வார்த்த கேக்கட்டும், கொடம் கொடமாக் குடுக்கறேன்'னாரு."

"அண்ணன் என்ன சொன்னாருங்க?"

"'செத்தாலும் கேக்க மாட்டேன்'னாரு."

அண்ணி மட்டும் யாருக்கும் தெரியாமல் அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து மகளுக்கு வைத்துக்கொண்டாள். மாமனாருக்கும் ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தபோது கோவிந்தன் வாங்கவில்லையாம். "புள்ளைக்கு வச்சுக் குடும்மா. எனக்கு இனிமே எந்தத் தண்ணியும் ஒண்ணுதான்" என்றாராம்.

லீவு முடிந்து சகுந்தலா கடலுக்குத் திரும்பினார்.

அடுத்த கோடை

அந்தக் கோடையிலும் மழை இல்லை. தருமபுரித் தெருக்களில் குடங்கள் வரிசையில் கிடந்தன. பிலிம் கழுவுகிற தண்ணீரைக்கூட நான் வடித்து வடித்துப் பயன்படுத்தினேன்.

சகுந்தலா வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. இந்த முறை பலகை ஒன்றுதான்.

"மத்ததெல்லாம்?"

"நான் அடையாளம் கட்டி வச்ச பாறைங்கள்ல பாதி போன கோடைச் சூட்டுல செத்துருச்சுங்க. மீதி, வெயில் நேரா படாத பக்கமும் ஆழத்துல இருந்ததும் பொழைச்சுதுங்க. ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கலர் திரும்பி வந்துது. கைவிரல் அகலம், பொறவு உள்ளங்கை அகலம். அதப் பாத்துட்டு நான் தண்ணிக்குள்ளயே அழுதேன்."

"நல்லதுதானுங்களே?"

"அடுத்த மாசம் போனா அந்த எடமே இல்லைங்க. சுண்ணாம்புக் காளவாய்க்குக் கல்லு எடுக்கற படகுங்க கடப்பாறை போட்டுப் பேத்துட்டாங்க. சூட்டத் தாங்குனது கடப்பாறையத் தாங்கலைங்க."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் டீ வாங்கிவரச் சொன்னேன். டீ ஆறி ஆடை கட்டியது. அவர் தொடவில்லை.

ஊரில் அப்பாவுக்கு இரண்டு காலும் விழுந்துவிட்டிருந்தன. டாக்டர் முன்பே சொன்னதுதான். கட்டிலில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். புண் வைத்துவிட்டது. சகுந்தலா நாட்டு வாழைப்பழமும் பஞ்சும் வாங்கிக்கொண்டு பொம்மிடி பஸ் ஏறினார். சில நாள் கூட இருந்துவிட்டு, மேலதிகாரியின் தந்தி வந்ததால் கிளம்பிப் போனார்.

குளிப்பாட்டத் தண்ணீர்

ஐப்பசியா கார்த்திகையா, நினைவில்லை. ஒரு காலையில் கிளினிக்குக்கு டிரங்க் கால் வந்தது. சகுந்தலாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"பாய், அப்பா போயிட்டாருங்க. தந்தி வந்துது. நான் வர்றதுக்குள்ள எடுத்துருவாங்க. எனக்காக நீங்க ஒரு எட்டுப் போங்க."

டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு மாலையோடு போனேன். போர் போட்ட தோட்டத்து நடுவில் வீடு. பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பவர்களும் கொஞ்சம் தயங்கித் தயங்கி அடித்தது போலிருந்தது. காரணம் உள்ளே போனதும் தெரிந்தது.

பெரியவரை நேராகக் கிடத்த முடியவில்லை. முதுகும் இடுப்பும் முழங்காலும் மடங்கினது மடங்கினபடியே இறுகியிருந்தன. தலையை வைத்தால் கால் தூக்கியது, காலை அமுக்கினால் தலை எழுந்தது. ஒருவர், "அமுக்கிப் புடிங்கப்பா" என்றார். மாதையன் பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டார்.

"ஒடைஞ்சிரும். தொடாதீங்க."

ஒருக்களித்தே கிடத்தினார்கள். குழியை அகலமாக வெட்டச் சொல்லி ஆள் போனது.

அடுத்தது குளிப்பாட்ட வேண்டும். பெண்கள் குடங்களில் தண்ணீர் பிடித்துவந்து வரிசையாக வைத்தார்கள். போர் தண்ணீர்தான், வேறு ஏது? முதல் குடத்தை எடுத்துக் கொடுத்தார்கள். மாதையன் அதைக் கையில் வாங்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். பிறகு குடத்தை மண்ணில் கவிழ்த்தார். அடுத்த குடத்தையும் கவிழ்த்தார். அவர் மனைவி அலறினாள். பித்துப் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அவர் எவரையும் பார்க்காமல், வெறுங்காலோடு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்.

கூட்டம் அப்படியே நின்றது. பறையும் நின்றுவிட்டது. செல்வி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெகு நேரம் கழித்து இரண்டு பேர் வரப்பில் வந்தார்கள். ஆளுக்கு ஒரு குடம். முன்னால் மாதையன், பின்னால் தீர்த்தகிரி. அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஒருக்களித்தபடியே தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

சகுந்தலா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. கழுவி விட்ட வாசல் இன்னும் காயவில்லை. கைப்பையைக்கூட இறக்காமல் ஈர மண்ணைப் பார்த்தார், ஓரமாக இருந்த இரண்டு குடங்களைப் பார்த்தார். அவை அவர்கள் வீட்டுக் குடங்கள் அல்ல.

"எந்தத் தண்ணிலண்ணா ஊத்துனீங்க?"

மொட்டைத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்த மாதையன் நிமிரவில்லை.

"தீர்த்தகிரி கெணத்துத் தண்ணி. நாந்தாம்மா போயிக் கேட்டேன்."

சகுந்தலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் இரண்டு கையையும் விரித்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, அவற்றிடம் சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு வார்த்ததாம்மா கேட்டேன். குடுத்துட்டான்."